வார இறுதியில் மட்டும்தான் குடிக்கிறேன்: விந்தணு குறைய அது போதுமா?

கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கும் 34 வயதுத் தம்பி. கலியாணமாகி இரண்டு வருடம், இன்னும் பிள்ளை தங்கவில்லை. மனைவியின் பரிசோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. இவருடைய சுக்கிலப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அளவு 1.8 மில்லிலீற்றர், மில்லிலீற்றருக்கு 11 மில்லியன் விந்தணு, முன்னோக்கி நீந்துபவை 24%, வடிவம் சரியானவை 3%. கிழமை நாளில் குடியைத் தொடுவதில்லை. வெள்ளி இரவும் சனி இரவும் அரைப் போத்தல் சாராயம், ஞாயிறு மத்தியானம் ஸ்ட்ரோங் பியர் இரண்டு பெரிய டின். வெறியே ஏறுவதில்லை, திங்கள் காலை வழமைபோல வேலைக்குப் போய்விடுவேன் என்கிறார். இது காரணமாகுமா, எத்தனை நாள் விட வேண்டும், எழுதித் தந்த விற்றமின் உதவுமா, ஜிம்மில் சொல்லும் டெஸ்டஸ்டெரோன் ஊசியைப் போடலாமா, நவம்பரில் தங்கச்சியின் கலியாணத்தன்று மட்டும் குடிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடிக்கும் அளவு விந்தணுவைக் குறைக்கப் போதுமானது. அதுதான் ஒரே காரணமா என்பதைக் கண்டுபிடிக்க மலிவான வழி, மூன்று மாதம் முழுதாக விட்டுவிட்டுத் திரும்பவும் பரிசோதிப்பது. ஊசியை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். ஏன் என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"கிழமை நாளில் தொடுவதில்லை" என்ற இடத்தில்தான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதைவிட எத்தனை கிராம் மதுசாரம் உள்ளே போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். போத்தலின் லேபலில் வீதம் அச்சிட்டிருக்கும். குடித்த மில்லிலீற்றரை அந்த வீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் கிராம் வரும். நம் ஊர்ச் சாராயம் பலதிலும் 33.5% என்று போட்டிருக்கும். அரைப் போத்தல் 375 மில்லிலீற்றர் என்றால் 100 கிராம். வெள்ளியும் சனியும் சேர்த்து 200. ஸ்ட்ரோங் பியர் 8.8%, 500 மில்லிலீற்றர் டின் ஒன்றில் 35 கிராம், இரண்டில் 70. ஆக உங்கள் கிழமைக் கணக்கு 270 கிராம். தினமும் சாதாரண லாகர் 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று குடிப்பவரை நீங்கள் குடிகாரர் என்று நினைக்கக்கூடும். அது 4.8% என்பதால் அவருடைய கிழமைக் கணக்கு 168 கிராம்தான். கள்ளு இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்பாரும் உண்டு. ஸ்டவுட் சத்து, வீரியம் தரும் என்று கலியாணமான புதிதில் வாங்கிக் கொடுப்பாரும் உண்டு. கள்ளில் இருப்பதும் இதே மதுசாரம்தான். நம் ஊரில் விற்கும் ஸ்டவுட் 8.8%, அதாவது ஸ்ட்ரோங் பியரின் அதே பலம். கசிப்பில் எத்தனை வீதம், வேறு என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. அதில் மெதனோல் இருந்தால் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கவலைப்படும் முன்பே கண் போய்விடும்.

இந்த 270 கிராமை எதோடு ஒப்பிடுவது? டென்மார்க்கில் இராணுவத் தகுதிப் பரிசோதனைக்கு வந்த 18 முதல் 28 வயது வரையான 1,221 இளைஞர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. அங்கே ஓர் அலகு 12 கிராம். வழக்கமாகக் கிழமைக்கு 5 அலகுக்கு மேல் குடித்தவர்களிடமே விந்தணுவின் செறிவு, மொத்த எண்ணிக்கை, சரியான வடிவம் மூன்றும் இறங்கத் தொடங்கியிருந்தன. 25 அலகைத் தாண்டியவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. 40 அலகு குடித்தவர்களின் செறிவு, 1 முதல் 5 அலகு குடித்தவர்களுடையதை விட 33% குறைவு. நம் கணக்கில் 5 அலகு என்பது கால் போத்தல் சாராயத்தை விடக் கொஞ்சம் கூட, 25 அலகு என்பது ஒன்றரைப் போத்தல். நீங்கள் இருபத்திரண்டு, இருபத்திமூன்று அலகில் நிற்கிறீர்கள். அவர்கள் உங்களை விட வயது குறைந்த ஆரோக்கியமான பையன்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒருமுறை பார்த்து எடுக்கப்பட்ட ஆய்வு அது, ஆகவே குடிதான் குறைத்தது என்று அதை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் உடலுக்குள் நடப்பது அந்த எண்களோடு பொருந்தி வருகிறது.

விதைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. லெய்டிக் கலங்கள் டெஸ்டஸ்டெரோனைச் சுரக்கின்றன. செர்ட்டோலிக் கலங்கள் விந்தணுவைப் படிப்படியாக வளர்த்தெடுக்கின்றன. இரண்டுக்கும் கட்டளை மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹோமோன்களாக வருகிறது. மதுசாரம் இந்தச் சங்கிலியை மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் தாக்குகிறது. மேலே கட்டளை குறைகிறது. கீழே மதுசாரம் உடையும்போது உண்டாகும் அசற்றல்டிகைட் லெய்டிக் கலங்களுக்கு நேரடி நஞ்சு. விற்றமின் ஏ-யை விதைக்குத் தேவையான வடிவுக்கு மாற்றும் நொதியமே மதுசாரத்தையும் உடைக்க வேண்டியிருப்பதால், குடித்திருக்கும் நேரத்தில் அந்த மாற்றம் தடைப்படுகிறது. விற்றமின் ஏ இல்லாமல் விந்தணு முதிர்ச்சி அடையாது. இவற்றோடு, மதுசாரம் உடையும்போது கிளம்பும் ஒட்சியேற்ற அழுத்தம் விந்தணுவின் மென்சவ்வையும் உள்ளிருக்கும் டி.என்.ஏ.-யையும் சேதப்படுத்துகிறது. நீந்தும் வேகம் குறைவதற்கும் வடிவம் கெடுவதற்கும் அதுவும் ஒரு காரணம்.

ஒரே இரவில் நிறையக் குடித்தால் டெஸ்டஸ்டெரோன் சில மணி நேரத்திலேயே இறங்கும், மறுநாளும் குறைவாகவே இருக்கும். அந்த ஹோமோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் ஏறுகிறது. குடித்துவிட்டுத் தூங்கும் தூக்கமோ நடுச்சாமத்தில் உடைகிற தூக்கம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இது தொடர்ந்தால், கிழமையில் கிட்டத்தட்ட பாதி நாள் உங்கள் விதை குறைந்த கட்டளையில் வேலை செய்கிறது. "வெறியே ஏறுவதில்லை" என்பதை நீங்கள் நல்ல அறிகுறியாகச் சொல்கிறீர்கள். அது பழக்கப்பட்டுவிட்டது என்பதற்கான அறிகுறி. மூளை பழகிக்கொள்ளும், ஈரல் வேகமாக உடைக்கக் கற்றுக்கொள்ளும். விதை அப்படிப் பழகிக்கொள்வதில்லை.

இப்போது உங்கள் ரிப்போர்ட். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட ஆறாவது பதிப்பின்படி கீழெல்லைகள் இவை: அளவு 1.4 மில்லிலீற்றர், செறிவு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், ஒருமுறை வெளியேறும் மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30%, சரியான வடிவம் 4%. உங்கள் அளவு சரி. மற்ற எல்லாம் எல்லைக்குக் கீழே. மொத்தம் 1.8 × 11, ஏறத்தாழ 20 மில்லியன். அதில் முன்னோக்கி நீந்துபவை 47 இலட்சம் அளவில். பயப்பட வேண்டிய எண் இல்லை, கவனிக்க வேண்டிய எண். இந்தக் கீழெல்லைகளை வகுத்த விதமே, ஒரு வருடத்துக்குள் மனைவியைக் கர்ப்பமாக்கிய ஆண்களை வரிசைப்படுத்தி, அடியிலுள்ள ஐந்து வீதத்தினரின் எண்ணை எடுத்ததுதான். அந்த ஐந்து வீதத்தினரும் தகப்பனானவர்களே. "3% தான் நல்லது, மிச்சம் 97% பழுது" என்று வீட்டில் யாரும் அழவேண்டாம், நல்ல எல்லையே 4% தான்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. அதே ஆணிடம் இரண்டு கிழமை இடைவெளியில் எடுத்தால்கூட எண் பெரிதாக மாறும். சாம்பிள் எடுத்த விதத்திலும் பிழை வரும். அடுத்த முறைக்குச் சொல்கிறேன்: கடைசியாக விந்து வெளியேறி குறைந்தது 2 நாள், கூடினால் 7 நாள். மூன்று, நான்கு நாள் என்று வைத்துக்கொண்டு இரண்டு முறையும் அதே இடைவெளியில் கொடுங்கள், அப்போதுதான் ஒப்பிடலாம். சவர்க்காரம், தேங்காயெண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் படக்கூடாது, இவை விந்தணுவைக் கொல்லும் அல்லது முடக்கும். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது போத்தலுக்கு வெளியே விழுந்துவிட்டால் வெட்கப்படாமல் லேப்பில் சொல்லி, வேறொரு நாள் திரும்பக் கொடுங்கள். வெளியேறிய ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனை தொடங்க வேண்டும். காலையில் காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கே எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே லேப்பிலேயே தனியறை கேட்டு அங்கு எடுப்பது நல்லது. வீட்டிலிருந்துதான் என்றால் போத்தலைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுபோங்கள். காரின் ஏசி வாயிலுக்கு முன்னால் வைப்பது, ஐஸ் பையில் போடுவது இரண்டும் நீந்தும் வீதத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எடுத்த நேரத்தைப் போத்தலில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டுக்கு முந்திய மூன்று மாதத்தில் டெங்கு வந்ததா, வேறு கடும் காய்ச்சல் ஏதும் வந்ததா? விதை உடம்பின் வெப்பநிலையை விட 2 முதல் 4 பாகை குறைவாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சில நாள் 39, 40 பாகைக் காய்ச்சல் வந்தாலே அடுத்த இரண்டு மூன்று மாதத்து எண்ணிக்கை சரியும். கொழும்பில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சுக்கில ரிப்போர்ட் படிப்பது அரைகுறை வேலை.

மூன்று மாதக் கணக்குக்கு வருவோம். ஒரு விந்தணு தொடக்கக் கலத்திலிருந்து முழு உருவம் பெற ஏறத்தாழ 74 நாள் எடுக்கிறது. அதன்பின் விதையின் மேல் ஒட்டியிருக்கும் விதைமேற்றிணிவின் குழாய்க்குள் நகர்ந்து நீந்தப் பழக இன்னும் 10 முதல் 14 நாள். கூட்டினால் 84 முதல் 88 நாள், அதாவது மூன்று மாதம். இன்று வெளியேறும் விந்தணு மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய ஒன்று. இரண்டு கிழமை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பரிசோதித்தால் பழைய குடியின் கணக்குத்தான் வரும். "நான் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை" என்று மனம்விட்டுப் போய்த் திரும்பவும் போத்தலைத் திறப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். விட்ட நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 90 நாளுக்குப் பிறகு, முடிந்தால் 13 கிழமை கழித்து, அடுத்த சாம்பிள்.

மீளுமா என்றால், ஈரலும் விதையும் நிரந்தரமாகச் சேதமடையாத பெரும்பாலானோருக்கு மீளும். 2010-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான ஒருவருக்கு, தொடர்ந்த பெருங்குடியில் வருடக்கணக்காக எண்ணிக்கை படிப்படியாக இறங்கி, கடைசியில் சுக்கிலத்தில் விந்தணுவே இல்லாத நிலை வந்தது. குடியை நிறுத்தி மூன்று மாதத்தில் பெருமளவு மீண்டார். ஒருவருடைய அனுபவம் எல்லோருக்கும் உத்தரவாதம் ஆகாது, ஆனால் அவருடைய இடத்தைவிட நீங்கள் எவ்வளவோ நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. கிழமை நாளில் குடிக்காதவருக்கு ஒரேயடியாக நிறுத்துவதில் பொதுவாக ஆபத்து இல்லை. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்கி ஒரு ஷொட் போட்டால்தான் நிற்கிறது என்பவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் வீட்டில் தாமாகத் திடீரென நிறுத்தக்கூடாது. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் ஆளை மறக்கும் பிதற்றலும் வரலாம். அதில் உயிர் போவதும் உண்டு. அவர்களுக்கு சில நாள் டயசிபாம் போன்ற மருந்தும், தயமின் என்கிற விற்றமின் பி1-உம் வைத்தியரின் மேற்பார்வையில் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால், அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். குடியை விடப் போவது வெட்கப்படும் விஷயம் இல்லை, அங்கே அதை அன்றாடம் பார்க்கிறார்கள்.

டெஸ்டஸ்டெரோன் ஊசி. இதில் நான் கடுமையாகத்தான் பேசுவேன், ஏனென்றால் இது பிள்ளைக்கு ஏங்கும் ஆண்களை நல்லெண்ணத்தோடே மலடாக்குகிறது. விதைக்குள் இருக்கவேண்டிய டெஸ்டஸ்டெரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு. அதை விதைதான் தனக்காகச் செய்துகொள்கிறது. வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால் இரத்தத்தில் ஏறும், கபச்சுரப்பி "போதும்" என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும், விதைக்குள் உற்பத்தி நின்றுபோகும். தசை பெருக்கும், விதை சுருங்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 1990-களில் கிழமைக்கு 200 மில்லிகிராம் டெஸ்டஸ்டெரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது, அது வேலையும் செய்தது. ஜிம்மில் உங்களுக்குச் சொல்லப்படும் மருந்து அதே இனம்தான். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், மீள மாதக்கணக்கு எடுக்கலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

விற்றமின் பற்றி: 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 2,370 தம்பதியரைச் சேர்த்து, பாதி ஆண்களுக்கு தினமும் 5 மில்லிகிராம் போலிக் அமிலமும் 30 மில்லிகிராம் நாகமும் (சிங்க்) ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு எண்ணிக்கையும் கூடவில்லை, பிள்ளை பிறப்பதும் கூடவில்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடியது. எழுதித் தந்ததைக் குடிப்பதால் பெரிய தீங்கு வராது, ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் செலவழித்து "மருந்து எடுக்கிறேனே" என்ற தைரியத்தில் வார இறுதிக் குடியைத் தொடர்வதுதான் தீங்கு. குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சாப்பாடு குறைந்து, பைட்ஸ் என்று பொரித்ததும் உறைப்பும்தான் வயிற்றை நிரப்பும். சோறு, பருப்பு, மீன், வல்லாரை, பொன்னாங்காணி என்று ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாலே போலேற்றும் நாகமும் வந்துவிடும். குடியோடு சிகரெட் பிடிப்பவரென்றால் அதையும் சேர்த்து விடுங்கள். அதுவும் எண்ணிக்கையையும் நீந்தும் திறனையும் கெடுக்கிறது, இரண்டில் ஒன்றை மட்டும் விட்டால் மூன்று மாதத்தின் பலனும் தெளிவாகத் தெரியாது. வீரியம் தரும் என்று விற்கும் லேகியம், குளிசை வகைகளில் சிலவற்றில் விறைப்புக்கான மருந்தான சில்டெனாபில் இரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. லேபலில் உள்ளே என்ன என்று தெளிவாக இல்லாததை வாயில் வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கேட்க வெட்கப்பட்டு விடுபடுவது பெரும்பாலும் இதுதான். சிறிதளவு மதுசாரம் பதற்றத்தைக் குறைத்து ஆசையைக் கூட்டுவதுபோல் இருக்கும். அளவு ஏற ஏற நரம்புக் கட்டளை மந்தமாகி, விறைப்பு வராமலோ பாதியில் தளர்ந்தோ போகும், அல்லது விந்து வெளியேற மிகவும் தாமதமாகும். ஒரு இரவு அப்படி நடந்தால் அடுத்த முறை அந்தப் பயத்திலேயே தளரும். பயத்தைப் போக்க இன்னும் இரண்டு ஷொட். இந்தச் சுழலில் மாட்டிய தம்பதியருக்குக் கருத்தரிக்கும் நாட்களில் உறவே நடப்பதில்லை. ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தும் என்ன பயன்? நீண்ட காலக் குடியில் கால்விரல் மரத்துப்போவது போலவே ஆணுறுப்பின் நரம்பும் பழுதாகும். ஒரு சுலபமான அடையாளம் உண்டு: காலையில் எழும்பும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி, பிரச்சினை வெறியிலோ பதற்றத்திலோ இருக்கிறது. பல கிழமையாக அதுவும் இல்லையென்றால் சீனி, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் பார்க்க வேண்டும், ஏனென்றால் இருதயக் குழாய் அடைப்பு சிலரிடம் முதலில் இங்கேதான் தலைகாட்டும். சில்டெனாபில் குளிசையைக் குடித்துவிட்டு அதன்மேல் அரைப் போத்தல் அடித்தால் குளிசையும் வேலை செய்யாது, அழுத்தம் இறங்கி மயக்கமும் வரும். நெஞ்சு நோவுக்கு நைத்திரேற்று மருந்து எடுப்பவர் அந்தக் குளிசையைத் தொடவே கூடாது.

ஈரல் சுருங்கிப்போனவர்களின் நிலை வேறு. அங்கே டெஸ்டஸ்டெரோனை இரத்தத்தில் கட்டிவைக்கும் புரதம் கூடும், ஈஸ்ட்ரோஜன் ஏறும், மார்பு பெருக்கும், மீசையும் உடல் முடியும் ஐதாகும், விதை சிறுக்கும். உங்களுக்கு இவை எதுவும் இல்லையென்றால் இதில் நிற்க வேண்டாம். ஆனாலும் அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது ஈரல் பரிசோதனையையும், குடியால் ஏறும் ஈரல் நொதியமான ஜி.ஜி.டி.-யையும் சேர்த்துக் கேளுங்கள்.

குடி காரணம் என்று தெரிந்தவுடன் மற்றக் காரணங்களைத் தேடாமல் விடுவதும் பிழை. விதைப்பையில் நாளம் புடைத்திருப்பது எல்லா ஆண்களிலும் ஏறத்தாழ 15 வீதத்தினருக்கு உண்டு, பிள்ளைக்குத் தாமதமாகும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். பெரும்பாலும் இடப்பக்கம், நின்றுகொண்டு தொட்டால் புழுக்கள் நிறைந்த பை போலப் படும், படுத்தால் மறைந்துவிடும். அதனால்தான் வைத்தியர் நிற்கவைத்துச் சோதிக்க வேண்டும். பதின்ம வயதில் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியிருந்தால், சிறுவயதில் விதை இறங்காமல் சத்திரசிகிச்சை செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹோமோன் பரிசோதனைக்கு டெஸ்டஸ்டெரோன் இரத்தத்தைக் காலை 10 மணிக்கு முன், வெறும் வயிற்றில், குறைந்தது இரண்டு மூன்று நாள் குடிக்காமல் இருந்து கொடுங்கள். திங்கள் காலை கொடுத்தால் வார இறுதிக் குடியின் இறக்கம்தான் அதில் தெரியும்.

இந்த மூன்று மாதமும் முயற்சியை நிறுத்த வேண்டியதில்லை. மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவருக்கு, தொடங்கிய நாளை 1 என்று எண்ணினால் 9 அல்லது 10-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாள் வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை உறவு போதும். "சேர்த்து வைத்தால் பலமாக இருக்கும்" என்று பத்துப் பன்னிரண்டு நாள் அடக்கிவைப்பது பயனில்லை, பழைய விந்தணுவில் டி.என்.ஏ. சேதம் கூடும். மனைவி போலிக் அமிலம் தொடங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில், குடும்பநல உத்தியோகத்தர் மூலம் அது கிடைக்கும், ருபெல்லா ஊசி போட்டிருக்கிறாரா என்பதையும் அங்கேயே பார்ப்பார்கள். தகப்பனின் குடி கருவின் வளர்ச்சியைப் பாதிப்பது எலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. மனிதரில் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. எப்படியும் விடப்போகும் ஒருவருக்கு அது இன்னொரு நல்ல காரணம்.

இரண்டு வருடமாக நேர்த்தியும் விரதமும் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் யார் தலையில் விழுந்தன என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பெண்ணைத்தான் முதலில் கிளினிக் கிளினிக்காக அலையவைக்கிறார்கள். பிள்ளை தாமதமாகும் தம்பதியரில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண்பக்கமும் காரணமிருக்கும்போது, ஆணின் ஒரு பரிசோதனை கடைசியில் வருகிறது. ரிப்போர்ட்டை மாமியாருக்கும் அம்மாவுக்கும் நீங்களே சொல்லிவிட்டால் அவர் மேலுள்ள பாரம் அன்றே பாதி குறையும்.

13 கிழமைக்குப் பிறகு மொத்த எண்ணிக்கை 39 மில்லியனைத் தாண்டினால் இன்னும் ஆறு மாதம் இயற்கையாகவே முயற்சி செய்யலாம், மனைவி 35 வயதைத் தாண்டவில்லை என்றால். அவர் 35-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்காமல் டி சொய்சா அல்லது காசல் வீதி மகளிர் வைத்தியசாலையின் குழந்தைப்பேறின்மை கிளினிக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். பழைய ரிப்போர்ட், புதிய ரிப்போர்ட் இரண்டும், குடியை விட்ட திகதியும் கையில் இருக்கட்டும். எண் பாதி வழியில் நின்றால் கருப்பைக்குள் விந்து செலுத்தும் முறை இருக்கிறது. அதற்குப் பொதுவாக முன்னோக்கி நீந்துபவை 50 இலட்சமாவது வேண்டும் என்பார்கள். உங்கள் 47 இலட்சம் அந்த வாசலில்தான் நிற்கிறது, சிறிய ஏற்றமே போதும். செறிவு 5 மில்லியனுக்குக் கீழே இறங்கினால்தான் நிறமூர்த்தப் பரிசோதனை வரை போவார்கள்.

தங்கச்சியின் கலியாணம் கடைசிக் கேள்வி. 90 நாளும் முடிந்து சாம்பிள் கொடுத்த பிறகு அது வந்தால் ஒரு கிளாசோடு நிறுத்தலாம். இடையில் வந்தால் குடிக்காதீர்கள். ஹோலில் நண்பர்கள் வற்புறுத்தும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், "மருந்து எடுக்கிறேன்" என்ற ஒரு சொல்லுக்கு நம் ஆட்கள் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். கையில் சோடாவோ ஜிஞ்சர் பியரோ நிரம்பிய கிளாஸ் இருந்தால் யாரும் ஊற்றவும் வரமாட்டார்கள். தப்பித்தவறி ஓரிரண்டு ஷொட் போய்விட்டால் மூன்று மாதமும் வீணாகிவிட்டது என்று மனம்விட வேண்டாம், மறுநாளிலிருந்து அதே கணக்கில் தொடருங்கள். அரைப் போத்தல் போய்விட்டதென்றால், பரிசோதனைத் திகதியை ஒரு மாதமாவது தள்ளிப்போட்டு, அன்று குடித்ததையும் ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.